நூற்றுக்கு எத்தனை? எந்த நூற்றுக்கு?

ஜனத்தொகைக் கணக்கோடு ஜாதி விவரங்களையும் சேர்த்து எடுப்பதென்று மத்திய சர்க்கார் 2025ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 30ஆம் தேதி தீர்மானித்தனர். 2027ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 1ஆம் தேதியை ஆதாரத் தேதியாகக் கொண்டு அக்கணக்கு எடுக்கப்படும் என்று அதே வருஷம் ஜூன் மாதத்தில் விளம்பரமும் செய்தனர். தேசம் முழுவதிலும் எல்லா ஜாதிகளையும் எண்ணிப் பிரசுரித்த கடைசிக் கணக்கு 1931ஆம் வருஷத்தியது. அன்னிய ஆட்சியார் எடுத்தது. மண்டல் கமிஷனார் 1980இல் தமது அறிக்கையைச் சமர்ப்பித்தபோது, ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு முந்திய அந்த ஏட்டையே புரட்ட வேண்டியதாயிற்று. 2011இல் ஒரு முயற்சி நடந்தது. ஜனங்கள் தம் ஜாதி, உட்பிரிவு, கோத்திரம், குலப்பட்டம் எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி சொல்ல, குமாஸ்தாக்கள் கைக்கு வந்தபடி எழுத, 1931இல் 4,147ஆக இருந்த ஜாதிகள் 46 லட்சத்துக்கு மேல் பெருகிவிட்டன என்று 2021இல் சர்க்காரே சுப்ரீம் கோர்ட்டில் பிரமாணம் செய்தனர். அந்த ஜாதிப் புள்ளிகள் வெளிவரவேயில்லை.

ஆகவே வரப்போகும் கணக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் ஒருவாறு ஓய்ந்தது. எண்கள் வெளியான மறுதினம் முதல் மேடைதோறும் 'நூற்றுக்கு இத்தனை' என்னும் முழக்கம் எழும் என்பதில் சந்தேகமில்லை. அப்பொழுது 'எந்த நூற்றுக்கு?' என்று எழுந்து கேட்கக்கூடிய தொண்டர்கள் ஒவ்வொரு கட்சியிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதே நமது கவலை. இக்கவலை வீணன்று. பீஹாரில் 2023இல் இதற்கு ஓர் ஒத்திகை நடந்துவிட்டது. அவ்வொத்திகையில் அரசியல்வாதிகளும், பத்திரிகைகளும், நம் வக்கீல் நண்பர்களில் சிலரும் எண்களைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சண்டையிட்டதைப் பார்த்தவர்கள், தேசமெங்கும் அதே நாடகம் பெரிய அளவில் நடக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

பீஹார்க் கணக்கு 2023 ஜனவரியில் தொடங்கிற்று. மே மாதம் 4ஆம் தேதி பாட்னா ஹைக்கோர்ட்டால் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதம் 1ஆம் தேதி அதே கோர்ட்டால் செல்லத்தக்கதென்று தீர்ப்பளிக்கப்பட்டது. காந்தி ஜயந்தியன்று ஜாதித் தொகைகள் வெளியாயின. நவம்பர் 7ஆம் தேதி பொருளாதார விவரங்கள் சட்டசபையில் வைக்கப்பட்டன. ராஜ்யத்தின் ஜனத்தொகை 13 கோடியே 7 லட்சம். அதில் அதி பிற்பட்ட வகுப்பார் நூற்றுக்கு 36.01, பிற்பட்ட வகுப்பார் 27.12, ஷெட்யூல்டு வகுப்பார் 19.65, பொது வகுப்பார் 15.52, ஷெட்யூல்டு பழங்குடியார் 1.68. (பிற்பட்டோரை இவ்வாறு இரு பிரிவாக்கி ஒதுக்கீடு வகுத்தவர் காலஞ்சென்ற கர்ப்பூரி தாக்கூர், 1978இல் அதற்காக அவர் பட்ட வசவு கொஞ்சமன்று. 2024இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.)

மாதம் 6,000 ரூபாயும் அதற்குக் குறைவாகவும் வருமானமுள்ள குடும்பங்களை ஏழைக் குடும்பங்கள் என்று அக்கணக்குக் கொண்டது. அவ்விதமான குடும்பங்கள் ராஜ்யம் முழுவதிலும் நூற்றுக்கு 34.13. வகுப்புவாரியாகப் பார்த்தால் ஷெட்யூல்டு வகுப்பாரில் 42.93, பழங்குடியாரில் 42.70, அதி பிற்பட்டோரில் 33.58, பிற்பட்டோரில் 33.16, பொது வகுப்பாரில் 25.09.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 'ஷெட்யூல்டு வகுப்பாரில் நூற்றுக்கு 43 குடும்பங்கள் ஏழைகள்' என்பது சர்க்கார் கணக்குச் சொன்ன வாக்கியம். 'ஏழைகளில் நூற்றுக்கு 43 பேர் ஷெட்யூல்டு வகுப்பார்' என்பது அதைக் கேட்டவர்கள் பலர் மனத்தில் பதித்துக்கொண்ட வாக்கியம். எழுத்தில் வித்தியாசம் அற்பம். பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வக்கீல்களில் ஏறக்குறைய எல்லோரும் கோர்ட்டில் கறுப்பு அங்கி தரிக்கிறார்கள் என்பதனால், கறுப்பு அங்கி தரித்தவரெல்லாம் வக்கீல் என்று கொண்டு கட்சிக்காரன் கட்டுக் காகிதத்தையும் ஃபீஸையும் கண்டவர் கையில் கொடுத்துவிடுவானா? அங்கி விஷயத்தில் எவனும் இத்தவற்றைச் செய்வதில்லை. சதவீதக் குறி போட்ட எண் ஒன்று பக்கத்தில் நின்றுவிட்டால் மட்டும் படித்தவர்களே செய்கிறார்கள்.

இதற்குக் கணித சாஸ்திரத்தில் 'நிபந்தனை நிகழ்தகவு' என்று பெயர். பெயர் பயமுறுத்துவதாக இருந்தாலும் விஷயம் கடைத்தெரு மனக்கணக்கைவிடக் கடினமானதன்று. பின்னங்களை விட்டுவிட்டு, பீஹாரில் 10,000 குடும்பங்களை மாத்திரம் ஒரு மைதானத்தில் நிறுத்திவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் அதி பிற்பட்டோர் 3,601, பிற்பட்டோர் 2,712, ஷெட்யூல்டு வகுப்பார் 1,965, பொது வகுப்பார் 1,552, பழங்குடியார் 168. இனி ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஏழைக் குடும்பங்களை மாத்திரம் முன்னே வரச் சொல்லுங்கள். 3,601 அதி பிற்பட்ட குடும்பங்களில் நூற்றுக்கு 33.58 வீதம் 1,209 குடும்பங்கள் வரும். பிற்பட்டோரில் 899, ஷெட்யூல்டு வகுப்பாரில் 844, பொது வகுப்பாரில் 389, பழங்குடியாரில் 72. கூட்டிப் பார்த்தால் 3,413. சர்க்கார் சொன்ன மொத்த வீதமாகிய நூற்றுக்கு 34.13 என்பதோடு இது அப்படியே பொருந்துகிறது.

பொருந்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாதிப் பங்கு ஆட்களைக் கொண்டு எண்ணியது. ஏழ்மை வீதம் குடும்பங்களைக் கொண்டு எண்ணியது. ஒரு வகுப்பில் குடும்பம் பெரிதாகவும் மற்றொன்றில் சிறிதாகவும் இருந்தால் ஒன்றை மற்றொன்றோடு பெருக்குவது பிசகாகும் என்று எதிர்க்கட்சி வக்கீல் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானது. ஆயினும் நமது மொத்தம் சர்க்கார் மொத்தத்தோடு ஒத்திருப்பதனால், அந்தப் பிசகு பெரிதாக இருக்க முடியாதென்று நம்பலாம். சதவீதங்களைக் கொண்டு வாதிக்கப் புகும் எவரும் முதலில் இம்மாதிரிச் சரிபார்த்துக்கொள்ளல் அவசியம்.

இப்பொழுது நம் முன் நிற்பவை 3,413 ஏழைக் குடும்பங்கள். இனி இவையே நமக்கு 'நூறு'. இவற்றில் அதி பிற்பட்டோர் நூற்றுக்கு 35.4, பிற்பட்டோர் 26.3, ஷெட்யூல்டு வகுப்பார் 24.7, பொது வகுப்பார் 11.4, பழங்குடியார் 2.1. 43 என்று மேடையில் கேட்டது 24.7 ஆகிவிட்டது. 25 என்று கேட்ட பொது வகுப்பாரின் எண் 11.4 ஆகிவிட்டது. எண்களில் ஒன்றும் மாறவில்லை. எவரை நூறாகக் கொண்டு எண்ணுகிறோம் என்பதுதான் மாறிற்று.

இதைச் சுருங்கச் சொல்லும் சூத்திரமும் உண்டு. ஒரு வகுப்பின் ஜனப் பங்கை அவ்வகுப்பின் ஏழ்மை வீதத்தால் பெருக்கி, ராஜ்யத்தின் மொத்த ஏழ்மை வீதத்தால் வகுத்தால், ஏழைகளில் அவ்வகுப்பாரின் பங்கு கிடைக்கும். 19.65ஐ 42.93ஆல் பெருக்கி 34.13ஆல் வகுத்துப் பார்க்கலாம், 24.7 வரும். இவ்வழியைக் கண்டவர் தாமஸ் பேயிஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். அவர் 1761இல் இறந்தபின், கிடந்த காகிதங்களிலிருந்து இதை எடுத்து 1763இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பியவர் அவருடைய நண்பர் ரிச்சர்டு பிரைஸ். அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது, 1776இல் லண்டனிலேயே இருந்துகொண்டு அவர்களுடைய உரிமையை ஆதரித்து நூல் எழுதியவரும் இந்தப் பிரைஸே. கணக்கில் நேர்மையும் அரசியலில் நேர்மையும் ஒரே மனிதரிடத்தில் அமைந்திருந்தது நமக்குத் திருப்தியளிக்கும் செய்தி.

சரி, 43 உண்மையா, 24.7 உண்மையா என்று கேட்கலாம். இரண்டும் உண்மை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. ராஜ்யத்திலுள்ள ஏழைகளுக்கெல்லாம் உதவித் தொகை வழங்கப் பணம் ஒதுக்கும் நிதி மந்திரிக்கு வேண்டியது இரண்டாவது எண். அவர் கொடுக்கும் ரூபாயில் எத்தனை அணா எந்த வகுப்பாருக்குப் போய்ச் சேரும் என்பதை அதுதான் சொல்லும். ஒரு ஷெட்யூல்டு வகுப்புக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கும், பொது வகுப்புக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கும் வாழ்வின் வாயிலில் உள்ள ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று கேட்கும் சீர்திருத்தக்காரருக்கு வேண்டியது முதல் எண். நிதி மந்திரியின் கேள்விக்குச் சீர்திருத்தக்காரரின் எண்ணைச் சொல்வதும், சீர்திருத்தக்காரரின் கேள்விக்கு நிதி மந்திரியின் எண்ணைச் சொல்வதும் பெரும்பாலும் அறியாமை. சிற்சில சமயங்களில் தந்திரம்.

தந்திரத்துக்கு ஓர் உதாரணம். 'ஏழைகளில் நாலில் மூன்று பங்கு ஷெட்யூல்டு வகுப்பார் அல்லாதவர்களே. ஆகையால் ஏழ்மைக்கும் தீண்டாமைக்கும் சம்பந்தமில்லை' என்று வாதிப்போர் உண்டு. முதற் பகுதி மெய். 'ஆகையால்' என்ற சொல்லில்தான் புரட்டு. ஏழ்மை ஜாதி பாராமல் எல்லோர் வீட்டிலும் சமமாக நுழைந்திருக்குமானால், நமது மைதானத்தில் நின்ற 1,965 ஷெட்யூல்டு குடும்பங்களில் நூற்றுக்கு 34.13 வீதம் 671 குடும்பங்களே ஏழைகளாக இருந்திருக்கும். இருப்பவை 844. பொது வகுப்பாரில் 530 இருந்திருக்க வேண்டும், இருப்பவை 389. பதினாயிரத்துக்கு 173 குடும்பங்கள் அதிகம் என்பது சொற்பமாகத் தோன்றலாம். பீஹாரிலுள்ள குடும்பங்கள் 2 கோடியே 76 லட்சம். அந்த அளவில் பெருக்கினால், உத்தேசம் நாலே முக்கால் லட்சம் ஷெட்யூல்டு குடும்பங்கள் சமமான பங்குக்கு மேற்பட்ட ஏழ்மையைச் சுமக்கின்றன. ஏழைகளில் அவர்களுடைய பங்கு கால்பாகந்தானே என்று பேசுபவர்கள் இந்த நாலே முக்கால் லட்சம் அடுப்புகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்பக்கத்தாரின் தந்திரத்தையும் மறைக்க விரும்பவில்லை. அதி பிற்பட்டோரே ஏழைகளில் பெரும் பங்கு என்பதைக் காட்டி, அவர்களே ராஜ்யத்தில் மிகவும் வறியவர்கள் என்று சிலர் பேசினர். பெரும் பங்கு என்பது மெய். ஆனால் அவர்களுடைய ஏழ்மை வீதம் ராஜ்யத்தின் சராசரியைவிட அணுவளவு குறைவே. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பவர்கள் எந்தக் கூட்டத்திலும் அதிகமாகத்தான் தென்படுவார்கள்.

வகுப்புகளுக்குள்ளே புகுந்து தனித்தனி ஜாதிகளைப் பார்த்தால் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. முஸஹர் என்னும் ஜாதியார் பீஹார் ஜனத்தொகையில் நூற்றுக்கு 3.08. வயலெலியைப் பிடித்துத் தின்று வயிறு கழுவியவர்கள் என்பதே அவர்களுடைய பெயரின் பொருள். அவர்களில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு 54.56. யாதவர்கள் ஜனத்தொகையில் 14.26, அவர்களில் ஏழைக் குடும்பங்கள் 35.87. மைதானத்துக்குத் திரும்புவோம். பதினாயிரத்தில் முஸஹர் குடும்பம் 308. அவற்றில் ஏழைகள் 168. யாதவக் குடும்பம் 1,426; அவற்றில் ஏழைகள் 512. அதாவது, பீஹாரில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக் கதவைத் தட்டினால், அது யாதவர் வீடாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 15. முஸஹர் வீடாக இருக்கும் வாய்ப்பு 5. ஆனால் ஒரு முஸஹர் சேரியில் புகுந்து ஏதாவதொரு கதவைத் தட்டினால், பாதிக்கு மேற்பட்ட தடவை ஏழ்மையே கதவைத் திறக்கும்.

யாதவத் தலைவர்கள் முதல் எண்ணைச் சொல்லி ஓட்டுக் கேட்பார்கள், அதில் பொய்யில்லை. முஸஹர்களுக்காக இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த ஜாதியில் பிறந்த ஜீதன் ராம் மாஞ்சி 2014இல் முதல் மந்திரியானார் என்று உடனே எடுத்துக் காட்டுவார்கள். ஒரு குடும்பத்தில் முதல் மந்திரி தோன்றியதனால் மற்றக் குடும்பங்களின் வீதம் எவ்வளவு இறங்கிற்று என்பதை 2023ஆம் வருஷக் கணக்கே சொல்லிவிட்டது.

உத்தியோக விஷயத்தில்தான் இக்குழப்பம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. அதே கணக்கின்படி சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்கள் 20 லட்சத்து 49 ஆயிரம் பேர். ஜனத்தொகையில் நூற்றுக்கு 1.57. அவர்களில் பொது வகுப்பார் 6,41,281; பிற்பட்டோர் 6,21,481; அதி பிற்பட்டோர் 4,61,725; ஷெட்யூல்டு வகுப்பார் 2,91,004; பழங்குடியார் 30,164. உத்தியோகஸ்தர் நூறு பேரை நிறுத்தினால், பொது வகுப்பார் 31 பேர். மற்ற நான்கு வகுப்பாரும் சேர்ந்து ஏறக்குறைய 69 பேர். 'பார்த்தீர்களா, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிற்பட்டவர்களிடமே இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்?' என்று ஒரு சாரார் கேட்கின்றனர். இதையே திருப்பிப் பிடிப்போம். ஒவ்வொரு வகுப்பிலும் நூறு பேரை நிறுத்தி, உத்தியோகஸ்தர் யார் என்று கேட்போம். பொது வகுப்பாரில் மூன்று பேருக்குச் சற்று மேல் கை தூக்குவார்கள். பிற்பட்டோரில் 1.75, பழங்குடியாரில் 1.37; ஷெட்யூல்டு வகுப்பாரில் 1.13, அதி பிற்பட்டோரில் 0.98.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஏழ்மை விஷயத்தில் சராசரியாக நின்ற அதி பிற்பட்டோர், உத்தியோக விஷயத்தில் ஷெட்யூல்டு வகுப்பாரையும்விடப் பின்தங்கி, எல்லோருக்கும் கடைசியில் நிற்கிறார்கள். உத்தியோகஸ்தரில் அவர்கள் பங்கு நூற்றுக்கு 22.5 என்று மாத்திரம் கேட்டவர்களுக்கு இது விளங்கியிராது. 22.5 என்பது காதுக்குச் செழிப்பாக ஒலிக்கிறது. ஜனத்தொகையில் 36 பேராக உள்ளவர்களுக்கு அது எவ்வளவு மெலிந்த எண் என்பதை இரண்டாவது நூறுதான் காட்டுகிறது.

இந்தக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு பீஹார் சட்டசபையார் 2023 நவம்பரில் ஒதுக்கீட்டை நூற்றுக்கு 50இலிருந்து 65 ஆக உயர்த்தி இரண்டு சட்டங்கள் செய்தனர். 2024 ஜூன் 20ஆம் தேதி பாட்னா ஹைக்கோர்ட்டில் பிரதம நீதிபதி வினோத் சந்திரனும் நீதிபதி ஹரீஷ் குமாரும் அவற்றைச் செல்லாதவை என்று தள்ளினர். ஜூலை 29ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் மேல் விசாரணைக்கு எடுத்துக்கொண்டபோதிலும், அத்தீர்ப்பை நிறுத்திவைக்க மறுத்தனர். 1992இல் இந்திரா சாஹனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் வகுத்த 50 என்னும் எல்லையைத் தாண்டியது ஒரு குறை. ஜனத்தொகை விகிதத்தையே அளவுகோலாகக் கொண்டது மற்றொரு குறை. அரசியல் சட்டம் கேட்பது போதிய பிரதிநிதித்வம், விகிதாசாரப் பிரதிநிதித்வம் அன்று என்பது ஹைக்கோர்ட்டாரின் கருத்து.

சட்டத்தின் எழுத்தை எடுத்துக்கொண்டால் இதை எளிதில் மறுப்பதற்கில்லை. 16ஆவது ஷரத்தின் 4ஆவது பிரிவில் உள்ள சொல் 'போதிய' என்பதே. ஆனால் 'போதியது' என்பதை எந்த நூற்றைக் கொண்டு அளப்பது? உத்தியோகஸ்தர் நூறு பேரை வைத்து அளந்தால் 69. நான்கு வகுப்பாரையும் ஒரே மூட்டையாகக் கட்டியதனால் வந்த எண் அது. அந்த மூட்டைக்குள் இருப்பவர்கள் ஜனத்தொகையில் நூற்றுக்கு 84 பேர் என்பதையும், மூட்டையை அவிழ்த்தால் அதி பிற்பட்டோரின் வீதம் பொது வகுப்பாரின் வீதத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் சேர்த்து வைத்தால்தான் 'போதியது' என்ற சொல்லுக்கு அளவு ஏற்படும். சட்டம் செய்தவர்கள் இந்தப் பரிசீலனையைத் தாமே செய்து, வகுப்பு வகுப்பாகக் காரணங்களை எழுதி, சட்டத்தோடு வைத்திருக்க வேண்டும். ஜனத்தொகையை மாத்திரம் காட்டினால் போதும் என்று அவசரப்பட்டார்கள். பலன், நியாயமான கட்சி நிரூபணம் இல்லாத கட்சியாகிவிட்டது. நல்ல வழக்கைக் கெட்ட பிராது எப்படிக் கெடுக்கும் என்பது கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்குத் தெரியாததன்று.

தேர்தல் செய்திகளிலும் இதே மயக்கம். 2025 நவம்பரில் நடந்த பீஹார்ச் சட்டசபைத் தேர்தலில் பெண்களில் நூற்றுக்கு 71.6 பேரும் ஆண்களில் 62.8 பேரும் ஓட்டுப் போட்டனர் என்று தேர்தல் கமிஷன் அறிவித்தது. ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் பெண்கள் என்று இதைத் திரித்துக்கொண்டவர்கள் உண்டு. ஜாபிதாவில் இருந்த பெண்கள் 3 கோடியே 51 லட்சம். ஆண்கள் 3 கோடியே 94 லட்சம். வீதங்களால் பெருக்கினால், ஓட்டுப் போட்ட பெண்கள் 2 கோடியே 51 லட்சம். ஆண்கள் 2 கோடியே 47 லட்சம். ஓட்டுப் போட்டவர் நூறு பேரில் பெண்கள் 50க்குச் சற்றே மேல். ஜாபிதாவில் 42 லட்சம் பின்தங்கியிருந்த பெண்கள் சாவடியில் ஆண்களை முந்திவிட்டார்கள் என்பது எழுபது என்ற பொய் எண்ணைவிடப் பெரிய செய்தி. திரித்தவர்கள் அதைப் பறிகொடுத்தார்கள்.

இத்தவறு உயிரையும் மானத்தையும் தொடக்கூடியது என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்குச் சாட்சி. ஸாலி கிளார்க் என்ற பெண்மணி. தாமே ஸாலிஸிட்டர் தொழில் செய்தவர். அவருடைய இரண்டு கைக்குழந்தைகள், ஒன்று 1996இலும் மற்றொன்று 1998இலும், திடீரென்று மாண்டன. கொலைக் குற்றம் சாட்டினார்கள். ஸர் ராய் மெடோ என்ற பிரபல வைத்தியர் சாட்சிக் கூண்டில் ஏறி, அவரைப் போன்ற வசதியுள்ள, புகை பிடிக்காத குடும்பத்தில் இவ்வாறு குழந்தை மாள்வது 8,543இல் ஒன்று என்று ஓர் ஆராய்ச்சி அறிக்கையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதை அதனாலேயே பெருக்கி, இரண்டு குழந்தைகள் மாள்வது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். 1999 நவம்பரில் ஜூரிகள் குற்றவாளி என்றனர்.

அந்தப் பெருக்கலில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே இரத்தம்; முதற் குழந்தையின் மரணத்துக்குக் காரணமானது இரண்டாவதையும் தாக்கியிருக்கக்கூடும். இரண்டையும் சம்பந்தமற்றவைபோல் பெருக்கியது முதற் பிழை. இரண்டாவது பிழை நமது விஷயம். குற்றமற்ற தாய்க்கு இப்படி நேருவது அபூர்வம் என்பது ஒரு வாக்கியம். இப்படி நேர்ந்த தாய் குற்றமற்றவளாக இருப்பது அபூர்வம் என்பது வேறொரு வாக்கியம். பெற்ற தாயே இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மகா அபூர்வமே. இரண்டு அபூர்வங்களில் எது அதிக அபூர்வம் என்று எடை போடாமல் ஒன்றை மாத்திரம் தராசில் வைத்தார்கள். 2001இல் ராயல் புள்ளிவிவரச் சங்கத்தார் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தனர். 2003 ஜனவரியில் அப்பீல் கோர்ட்டார் அவரை விடுதலை செய்தனர்; மறைக்கப்பட்டிருந்த வைத்தியப் பரிசோதனை முடிவு வெளிவந்ததே அதற்குப் பிரதான காரணம். மூன்று வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்த அந்த அம்மையார் 2007இல் காலமானார்.

பெருக்கலைப் பற்றிய முதற் பிழைக்கு நம் தேசத்திலும் இடமுண்டு. ஜனத்தொகையில் ஒரு வகுப்பார் இத்தனை, ஏழைகள் இத்தனை, எழுத்தறியாத பெண்கள் இத்தனை என்று மூன்று தனி எண்களைக் கொடுத்துவிட்டால், அவ்வகுப்பில் ஏழையாகவும் எழுத்தறியாதவளாகவும் உள்ள பெண்கள் இத்தனை என்று மூன்றையும் பெருக்கிச் சொல்லிவிட முடியாது. ஏழ்மையும் எழுத்தறியாமையும் ஜாதியும் ஒன்றையொன்று கை கோத்துக்கொண்டு வருபவை. ஷெட்யூல்டு வகுப்பாரின் பங்கை மொத்த ஏழ்மை வீதத்தால் பெருக்கினால் 671 வந்ததையும் உண்மையில் 844 இருந்ததையும் மேலே கண்டோம். அங்கே பிழைக்கு அகப்பட்டது 173 குடும்பம். மூன்றாவது எண்ணும் சேர்ந்தால் பிழை எவ்வளவு பெருகும் என்பதைக் கட்டத்துக்குள் கட்டமாக எண்ணிப் பார்த்தாலன்றிச் சொல்ல இயலாது.

ஆகவே 2027ஆம் வருஷக் கணக்கைப் பற்றி நம் பார்லிமெண்டு அங்கத்தினர்களும், எல்லாக் கட்சித் தொண்டர்களும் கேட்க வேண்டியது இதுவே. ஜாதிக்கு ஓர் அட்டவணை, படிப்புக்கு ஓர் அட்டவணை, தொழிலுக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியே பிரித்து வெளியிட்டால் போதாது. ஒவ்வொரு ஜாதிக்குள்ளும் ஆண், பெண், படிப்பு, தொழில், கிராமம், நகரம் ஆகியவற்றைக் குறுக்காகவும் நெடுக்காகவும் பிரித்து, சதவீதங்களோடு ஆட்களின் தொகையையும் ஜில்லாவாரியாக அச்சிட வேண்டும். தொகை இருந்தால் எவரும் தமக்கு வேண்டிய நூற்றைத் தாமே அமைத்துக்கொள்வர். சதவீதம் மாத்திரம் இருந்தால், அச்சிட்டவர் எடுத்த நூற்றுக்கே ஊரெல்லாம் கட்டுப்பட்டிருக்க வேண்டும். எந்தெந்த அட்டவணைகள் வெளிவரும் என்பதை ரிஜிஸ்திரார் ஜெனரல் முன்கூட்டியே பார்லிமெண்டில் வைத்து, அங்கத்தினர்களின் ஆட்சேபங்களைப் பெற்றுக்கொள்ளட்டும். குமாஸ்தாக்கள் வீடு வீடாகப் போய் எழுதி முடித்த பிறகு புதிய கட்டங்கள் கேட்டுப் பயனில்லை.